ஒன்பதாயிரம் அடி

தையல்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், அளவு குறிக்கும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்:

"என்னங்க, காய் வேகவச்சு மூடி வச்சிருக்கேன். உப்பு கம்மிதான், மேல போட்டுக்காதீங்க. பட்டன் டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்ச சிப்ஸை எடுத்துட்டேன், தேடாதீங்க.

நேத்து பூரா மழை. நீங்க வாசப்படி தாண்டலை. ஆனா நடையை எண்ணுற வாட்ச்சுல ஒன்பதாயிரம் அடி! அப்புறம்தான் பார்த்தேன், அதைக் கணுக்கால்ல கட்டிக்கிட்டுத் தையல் மெஷினை மிதிச்சிட்டிருக்கீங்க. யார் காதுல பூ சுத்துறீங்க? ஒரு தடவை நெஞ்சைப் பிடிச்சது போதாதா?"

இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் நினைத்தாள். உள்ளே அவர் இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பேனா ஓடவில்லை. தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கினாள்:

"தினம் ஒன்பதாயிரம்னு டாக்டர்கிட்ட பெருமையா சொன்னது நான்தான். அதை நம்பித்தான் அடுத்த டெஸ்ட்டை ஆறு மாசம் தள்ளி வச்சார். இப்ப எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு அவர் முன்னால நிப்பேன்?

ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்குவேன். ஸ்டாப் வரைக்கும் மெதுவா நடந்து வாங்க. வாட்ச் வேண்டாம்."