வீடு அவருடையது

நவம்பர், வியாழக்கிழமை. வெள்ளவத்தை, கொழும்பு.

தங்கச்சியின் மகன் நாளைக்கு வவுனியாவிலிருந்து வருகிறான். அவனை என்னுடைய அறையில் வைத்திருக்க வீட்டுக்கார நடேசன் அண்ணையிடம் கேட்டேன்.

"வடக்கால வாற இளம் பெடியனை வைச்சிருந்தா, புலியெண்டு பொலிஸ் அவனோட என்னையும் ஏத்திக்கொண்டு போகும். ஏலாது, மாஸ்டர்."

"அவனைப் பொலிசில பதிஞ்சுபோட்டுத்தான் வைப்பன், அண்ணை."

"என்ர வீட்டில ஆரை விடுறது எண்டு நான்தான் முடிவெடுப்பன். அதில அரசாங்கமே தலையிடக்கூடாது எண்டு என்ர விறாந்தையில இருந்து சொன்னது நீங்கள்தானே?"

ஓம், சொன்னனான். தனிமனித சுதந்திரம், சொத்துரிமை என்று அவருடைய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மணிக்கணக்காகக் கதைத்தனான். இப்பவும் அது பிழையென்று எனக்குப் படவில்லை. அதனால்தான் நித்திரை வரவில்லை.

லொட்ஜில் விட்டால் முதல் சுற்றிவளைப்பிலேயே கொண்டுபோய்விடுவார்கள். பெடியன் இந்நேரம் ரயில் ஏறியிருப்பான். கொழும்பில் நான் இருக்கிறேன், பயப்படாமல் அனுப்பு என்று தங்கச்சியிடம் சொன்னதும் நான்தான்.