அண்ணாவிடம் பூ வைத்துக் கேட்ட ஆட்டங்கள்

பந்தை ஒருநாளும் எனக்காக மெதுவாக எறியாத என் அண்ணாவுக்கு,

இதைத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் நீ மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஓம் ஓம், விளங்கீற்று" என்று போய்விடுவாய். தமிழ் என்றால் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மெதுவாக வாசி. ஒன்றையும் தாண்டிப்போகாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அம்மா வேலைக்குப் போய்விட்டா. முதியோர் இல்லத்தில் இப்போது அவவுக்கு இரவு வேலைதான். அப்பா கீழே இருக்கிறார்.

முதலில் வீட்டுப் புதினம். வெக்ஸ்போர்டில் இன்னும் பனி கரையவில்லை. உன் சப்பாத்து இரண்டும் வாசலில் அப்படியே இருக்கின்றன. ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் வாங்கின வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். பஸ்ஸும் இல்லாத, கடையும் இல்லாத அந்த வெளியைப் பார்த்து, "உங்க போய் நான் மாட்டோடதான் கதைக்கவேணும்" என்று நீ சொன்னது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. மேல்மாடியில் கண்ணாடி போடாத ஒரு யன்னலைக் காட்டி, உன்னைக் கூப்பிடுகிற அதே குரலில், "அதுதான் தம்பியின்ர அறை. அவனுக்கு வெளிச்சம் வேணும்" என்றார். அந்த ஓட்டைக்குள்ளால் காற்று போய் வந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் காரில் ஏறிவிட்டேன்.

அந்த வீட்டுக்குக் கட்டவேண்டிய மிச்சக் காசு வங்கியில் இருக்கிறது. நாளைக்கு அப்பா அதை முழுதாக ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தயம் கட்டப்போகிறார். நீ சொன்னாயாம்.

எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்று சொல்கிறேன். உன் கார் ஐஸில் சறுக்கி, நீ போன எட்டாம் நாள் எட்டுச்செலவு செய்தார்கள். உனக்கு அது என்னவென்று தெரியாது. நீ இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, ஓர் அறைக்குள் இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே சத்தம் காட்டாமல் இருக்கவேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவாராம். அம்மா இறால் பொரித்தா, ஆட்டிறைச்சி வைத்தா. நான் உனக்குப் பிடித்த உறைப்பு சிப்ஸ் பை ஒன்றை உடைத்துக் கொட்டினேன். அப்பா உன் போனைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். "அவன் சாப்பிடேக்கையும் உந்தப் போனைத்தானே பாத்துக்கொண்டிருப்பான்" என்றார்.

கதவைத் திறந்தபோது விளக்கு நூர்ந்திருந்தது. இருட்டுக்குள் உன் போன் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. திரையில் எங்கள் ஊர்க் கூடைப்பந்து ரீமின் பெயர், எதிர் ரீமின் பெயர், ஆட்டம் தொடங்கப்போகிறது என்ற அறிவித்தல். எல்லா ஆட்டத்துக்கும் அப்படி வரும்படி நீதான் செய்து வைத்திருந்தாய். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் கால் குளிர்ந்துவிட்டது. அப்பா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"தம்பி வந்திட்டான்" என்றார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதா. அந்த நேரத்தில் போனைப் பற்றி யார் விளக்கம் சொல்லுவார்கள்?

அதற்குப் பிறகுதான் பூ வந்தது. அப்பா ஊரைவிட்டு வெளிக்கிட முதல் கோயிலில் பூ வைத்துக் கேட்டாராம். சிவப்பு வந்தால் கனடா, வெள்ளை வந்தால் லண்டன். சிவப்பு வந்தது. அதனால்தான் நீயும் நானும் இங்கே பிறந்தோம் என்று உனக்கும் எனக்கும் எத்தனை தரம் சொல்லியிருப்பார். இப்போது சாவுத் துடக்கு, கோயிலுக்குப் போகமுடியாது. ஆகவே சாமிக்கு முன்னால் கேட்கவேண்டியதை உன் படத்துக்கு முன்னால் கேட்கத் தொடங்கினார்.

அஜின்கோர்ட் கடையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கார்னேஷன் வாங்கிவருவார். தனித்தனியே அலுமினியத் தாளில் சுற்றி, தட்டில் போட்டுக் குலுக்கி, உன் படத்துக்கு முன்னால் வைப்பார். பக்கத்தில் உன் போன், எப்போதும் சார்ஜில். சிவப்பு என்றால் தங்கள் ஊரில் நின்று விளையாடுகிற ரீம், வெள்ளை என்றால் வெளியூரிலிருந்து வந்த ரீம். சின்னப்பிள்ளையின் கையால்தான் எடுக்கவேண்டும். எனக்கு அதற்கு வயது கூடிப்போய்விட்டது. ஆனால் வீட்டில் மிச்சம் இருக்கிற பிள்ளை நான்தானே.

"கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடும் பிள்ளை. அண்ணாவை நினைச்சுக்கொண்டு எடும்."

நினைத்துக்கொண்டு எடுத்தேன். ஒவ்வொரு தரமும் ஒரு பொட்டலம் மற்றதைவிடக் குளிராக இருந்தது. வெளியே பனிக்குள் கிடந்த திறப்புக் கொத்தைத் தொட்டதுபோல. என் விரல் தானாக அங்கேதான் போனது.

ஒருதரம்கூடப் பூ பிழை சொல்லவில்லை, அண்ணா. முதலில் அப்பா சின்னத் தொகைதான் கட்டினார். பிறகு கொஞ்சம் பெரிதாக. அம்மாவுக்குத் தெரியாது. பூ இருக்கிறதைக் கண்டாலும், வீட்டு விஷயமாக ஏதோ கேட்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறா.

இதில் எனக்கு இன்னொரு பயம். அப்பா பூ வைக்கிற ஒவ்வொரு முறையும் நான் முதலே பாத்ரூமுக்குள் போய், நீ சொல்லித்தந்த மாதிரி இரண்டு ரீமையும் நிறுத்துப் பார்த்துவிடுவேன். யார் எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்பதை முதலில் பார்க்கவே கூடாது என்பாய். அது மற்றவர்களை ஏமாற்றுகிற இலக்கம். நூறு தரம் பந்து கைக்கு வந்தால் எத்தனை புள்ளி எடுக்கிறார்கள், எத்தனை புள்ளி விடுகிறார்கள். வேகமாக ஓடுகிற ரீமா, பந்தை ஆறுதலாகச் சுற்றுகிற ரீமா. விழுந்த பந்தை யார் பொறுக்குகிறார்கள். யார் கையில் இருக்கிற பந்தைத் தொலைக்கிறார்கள். நேற்று விளையாடினார்களா, எங்கே படுத்து எழும்பினார்கள். கடைசியில்தான் பந்தயக்காரர் போட்ட புள்ளி வித்தியாசத்தைப் பார்க்கவேண்டும்; அதைத் தாண்டி வென்றால்தான் காசு. "ஆர் வெல்லுறது எண்டு மூண்டு வயசுப் பிள்ளையும் சொல்லும். எவ்வளவால எண்டு சொல்லு பாப்பம், மொக்கு" என்று என் தலையில் குட்டுவாய்.

கணக்கு சொன்னதைத்தான் பூவும் சொன்னது. ஒவ்வொரு தரமும்.

நீ ஒருநாள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு காசு சுண்டினது ஞாபகம் இருக்கிறதா? ஸ்காபரோவில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து சுண்டினால், யாரோ ஒருவருக்கு விடாமல் தலையே விழுந்துகொண்டிருக்கும், அந்த ஆள் தன்னிடம் சக்தி இருக்கிறது என்று நினைத்துவிடுவார் என்றாய். அப்பா அப்போது பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த ஆள் எங்கள் அப்பாதானா? இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? பூ வெறும் தற்செயல் என்றால், நீ அந்த அறைக்கு வரவில்லை. போன் தானாக எரிந்தது. இறாலை ஒருவரும் தொடவில்லை. அதைச் சொன்னால் அவருக்கு நீ இன்னொருதரம் போய்விடுவாய்.

ஆனால் நாளைக்கு நடக்கிற ஆட்டத்தில் கணக்கும் பூவும் பிரிந்துவிட்டன.

நாளைக்குத்தான் முதல்முறையாக எங்கள் ரீமின் ஆட்டத்துக்குப் பூ வைத்தார். அவர்கள் நன்றாகவே வெல்வார்கள் என்று பந்தயக்காரர் வித்தியாசத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஊரே அவர்கள் பக்கம் கட்டுகிறது. நான் பார்த்தேன். இன்றைக்கு இரவும் அவர்களுக்கு வெளியூரில் ஆட்டம். நடுவில் நிற்கிற உயரமானவருக்கு முழங்காலில் நோவு. எதிர் ரீம் ஆறுதலாக விளையாடும், பந்தைத் தொலைக்காது. ஆட்டம் மெதுவாகப் போனால் பெரிய வித்தியாசம் வர வழியில்லை. இன்று பின்னேரம் பூ எடுக்கச் சொன்னபோது என் விரல் குளிர்ந்த பொட்டலத்துக்குப் போனது. பிரித்தார். சிவப்பு.

"வீட்டுக் காசைப் போடுவம்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருடைய முகம் அவ்வளவு சந்தோசமாக இருந்தது, அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. வீடு வாங்கி மிஞ்சுகிறதில் உன் பெயரில் ஏதோ செய்யப்போகிறாராம்.

நான் முதல்முறையாக வாய் திறந்தேன். "அப்பா, எங்கட ஆக்கள் ஆட்டம் முடிச்சு, இரவிரவாப் பிளேனில வருவினம். மற்ற ஆக்கள் இஞ்ச வந்து நல்லாப் படுத்து எழும்பியிருக்கினம். வெண்டாலும் அவ்வளவால வெல்லமாட்டினம்."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உதெல்லாம் தம்பிக்குத் தெரியாதே? நீர் படிச்சது ஆரிட்ட?"

உன்னிடம் படித்ததை உனக்கே சொல்லித்தருகிறேனாம்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஒவ்வொரு முறையும் அவரே அதைக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வருவார். இன்றைக்குச் சந்தோசத்தில் மறந்துபோய்க் குளிக்கப் போய்விட்டார். தட்டில் அது தனியாகக் கிடந்தது. பிரிக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தட்டைக் கழுவ எடுத்தபோது தாள் ஒரு பக்கத்தால் விலகியிருந்தது. உள்ளே நிறம் தெரிந்தது.

அதுவும் சிவப்பு.

ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். வெள்ளைப் பூக்கட்டு றப்பர் பாண்ட்கூடக் கழற்றாமல் அப்படியே இருந்தது. மேலே குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம். உன் படத்துக்கு முன்னால் வந்து நின்றபோது எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயம். அண்ணா, அது உன்னைப் பார்த்து வந்த பயம் இல்லை. அவர் உன்னிடம் கேட்கவே இல்லை. தான் முடிவுசெய்ததை உன் வாயால் கேட்க ஆசைப்பட்டிருக்கிறார். என் கையால் உன்னைச் சொல்லவைத்திருக்கிறார்.

முந்தின முறைகளும் இப்படித்தானா? நீ எனக்குச் சொல்லித்தந்த அத்தனை மாலையிலும் அவர் பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விளங்காதவர் மாதிரித்தான் இருந்தார். எல்லாம் அவருடைய காதுக்குள் போய்த் தங்கிவிட்டதா? அப்படியென்றால் அந்த ஆட்டங்களில் பேசினது ஒரு விதத்தில் நீதான். ஆனால் நாளைய ஆட்டத்தில் பேசுவது நீ இல்லை. "ஒரு ரீமில விருப்பம் வந்திட்டுதெண்டால் எழும்பிப் போயிடு, அந்த ஆட்டம் உனக்கில்லை" என்று நீ எங்கள் ரீமின் ஆட்டம் வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைப்பாய். நீ ஒருநாளும் அவர்கள் மேல் கட்டினதில்லை. அப்பாவுக்கு அது மட்டும் காதில் விழவில்லை.

இரண்டிலும் ஒரே பூ என்றால், என் விரலில் குளிர்ந்தது என்ன? இதைமட்டும் என்னால் கணக்குப் போடமுடியவில்லை. நீ என் கையைத் தள்ளிவிடப் பார்த்தாயா? தட்டையே தொடாதே என்றாயா?

இப்போது ஒன்று சொல்கிறேன், பயந்துவிடாதே. கீழே அப்பா கதைத்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதத் தொடங்கினதிலிருந்து கேட்கிறது. போனில் இல்லை; அவருடைய போன் மேலே சார்ஜில் கிடக்கிறது. ஏதோ கேட்கிறார். பிறகு நிறுத்துகிறார். ஓர் ஆள் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு அந்த இடைவெளி இருக்கிறது. பிறகு, "ஓம் தம்பி" என்கிறார். சின்னதாகச் சிரிக்கிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அடுத்த இடைவெளி வந்தபோது நானும் காத்திருந்தேன், அண்ணா. உன் குரல் வருமென்று உண்மையாகவே காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் எனக்கும் கேட்டிருக்கும். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். வங்கிக் கணக்கு இரண்டு பேருடைய பெயரிலும் இருக்கிறது. விடிய வேலை முடிய நேரே வீட்டுக்கு வாங்கோ, அப்பா வெளிக்கிட முதல் வாங்கோ என்று எழுதினேன். "ஏன் பிள்ளை, காய்ச்சலோ?" என்று கேட்டா. இல்லை, வந்த பிறகு எல்லாம் சொல்லுறன் என்றேன். காசை அம்மா பார்த்துக்கொள்ளுவா. அப்பாவை விடியும்வரைக்கும் உன் படம் இருக்கிற அந்த அறையில் தனியே விட எனக்கு மனமில்லை.

ஆகவே எழும்புகிறேன். பக்கத்தில் போய் இருக்கப்போகிறேன். இரண்டு சிவப்புப் பூவையும் கண்டேன் என்று சொல்லுவேன். அவர் கோபப்பட்டால் படட்டும். அழுதால் நானும் அழுவேன், நாங்கள் இரண்டு பேரும் இன்னும் ஒன்றாக அழவில்லை. உன்னிடம் கேட்டு அவர் நிறுத்துகிற அந்த இடைவெளியில், இனி நான் பதில் சொல்லுவேன். என் குரலிலேயே சொல்லுவேன். நீ பேசுகிற மாதிரி ஒருநாளும் பேசிக்காட்டமாட்டேன், அவர் கெஞ்சிக் கேட்டாலும். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

படியில் லைட்டைப் போட்டுக்கொண்டு இறங்குகிற,
உன் ஒரே தங்கச்சி