திரும்பி வந்த மூக்கு

2009 ஜூலை 6, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மழை இல்லை. கூரைத் தகரம் ஓயாமல் படபடக்கிறது.

கடைசி சிகரெட் காலையில், பெக்டரி கேட்டுக்கு வெளியே. பெட்டியில் மிச்சம் இருந்ததை சரோஜா வாங்கி அடுப்பில் போட்டாள். என் கண் முன்னால்தான் போட வேண்டுமாம். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

இனி, மைத்துனன் டுபாயிலிருந்து கொண்டுவந்த மின்சிகரெட். பேனா மாதிரி இருக்கிறது. இழுத்தால் நுனியில் நீல வெளிச்சம். புகைக்குப் பதில் ஆவி. புதினா ருசி. சரோஜா அதற்கு வைத்த பெயர் ஊதுகுழல்.

ஏன் விட்டேன் என்பதை நானே மறந்துவிடக் கூடாது. இருமலுக்குப் பயந்து அல்ல. போன சீசனில் இரண்டு தடவை தேயிலை அடுப்பில் கருகியது, எனக்கு வாசம் தெரியவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மூக்கு செத்த டீமேக்கர வச்சு நான் என்ன செய்ய?" இலை வாடிய பதத்தையும் புளித்த பதத்தையும் மூக்கால் சொல்வதுதான் என் வேலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். வேலை போனால் இந்த வீடும் போகும். தோட்டத்து வீடு.

வாங்க: சவர்க்காரம், பிளேடு, பருப்பு, ச.வின் கால்வலி மாத்திரை.

ஜூலை 9, வியாழன்

இருமல் கூடியிருக்கிறது. விட்டவனுக்கா தண்டனை? காலையில் கறுப்புச் சளி. தலை கனம். கை எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது. ரோலர்காரனைக் காரணமில்லாமல் திட்டினேன். அவன் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனான், அது இன்னும் எரிச்சல்.

அப்புத்தளை டாக்டரிடம் போனேன். "உள்ள கெடந்தது வெளிய வருதுங்க. நல்லதுதான். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். ஆனா இந்த மெஷின பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதையும் விட்டுருங்க." அவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இன்னொருவரிடம்: "சண்டைதான் முடிஞ்சிருச்சே, இனி சாமான் வெல எறங்கும்." நன்றாக இறங்கும்.

ஜூலை 15, புதன்

மூக்கு திரும்பி வருகிறது. நல்ல வாசனை எதையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. முதலில் வந்தது வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கான். அடுத்து என் கோட்டு. தலையணை. சரோஜா இத்தனை வருடம் இதற்குப் பக்கத்தில்தான் படுத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேன். அப்ப உங்களுக்குக் காதும் சேந்து அடைச்சிருந்துச்சு."

சம்பலில் உப்பு அள்ளிப் போட்டிருக்கிறாள் என்று சண்டை. நேற்றும் இதே உப்புதானாம். இருக்கலாம்.

விரலில் மஞ்சள் கறை மங்குகிறது.

ஜூலை 21, செவ்வாய்

பெக்டரியிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில் நிற்காமல் ஏறினேன். வழக்கமாகக் கொய்யா மரத்தடியில் மூச்சு வாங்க நிற்பேன். இன்று மரத்தைத் தாண்டிய பிறகுதான் அந்த நினைவே வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம். காலையில் இலை வாட்டும் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. கச்சானின் வறண்ட காற்றில் கொழுந்து வாடும்போது மட்டும் வரும் வாசம், எங்கள் ஊவா மலைக்கே உரியது. எத்தனையோ சீசனாக இதை வாசம் பிடிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண் கலங்கியது. யாரும் பார்க்கவில்லை. "இப்ப எறக்குங்க" என்றேன். துரை ருசி பார்த்துவிட்டு, "டீமேக்கர், மூக்கு வந்திருச்சு போல" என்றார். அந்த ஆளின் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது.

இன்னொன்று. வெளியே காற்றில் நின்று ஊதுகுழலை இழுக்க முடியவில்லை. தூள் சலிக்கும் அறைதான் வசதி. கதகதப்பு, காற்று வராது. பொம்பளைகள் வேலை முடித்துப் போனதும் குவித்த தூளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு இழுப்பு. அந்த அறைக் கதவில் போர்டு எழுதி மாட்டியவன் நான்தான்: பூ, தைலம், வெற்றிலை, புகை உள்ளே கூடாது. தேயிலை பக்கத்தில் உள்ள எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் இது புகை இல்லையே. ஆவிதானே.

அந்த அறைக்குப் பொறுப்பு பார்வதி. ஐம்பது வயதிருக்கும். மலையில் கொழுந்து எடுக்கும்போது விழுந்து இடுப்பு போனவள். அதனால்தான் பெக்டரி வேலை. தீபாவளிக்குக்கூடப் பூ வைத்துக்கொண்டு உள்ளே வந்ததில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காற்று. வெயில். கொழும்பிலிருந்து புரோக்கர் போன். நாம் அனுப்பிய சாம்பிளில் வேற்று வாசம். சீசன் தேயிலை, நல்ல விலை போயிருக்க வேண்டியது, மொத்தமும் விற்காமல் நின்றுவிட்டது. கிடங்கில் மிச்சமிருந்த மூட்டையை அவிழ்த்துப் பார் என்று துரை கத்தினார்.

அவிழ்த்தேன். குனியக்கூடத் தேவைப்படவில்லை. புதினா. மிட்டாய்ப் புதினா, மேலே ஒரு இனிப்பு. என் சட்டைப் பையிலும் அதே வாசம்.

சிகரெட்டை விடாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. நிம்மதியாக நானும் சேர்ந்து கத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 5, புதன்

விசாரணை. சலிக்கும் அறைப் பெண்கள் எல்லோரும் வரிசையில். கணக்கப்பிள்ளை பைகளைக் கொட்டச் சொன்னார். பார்வதியின் மடியில் தைல டப்பா. தலைவலிக்கு.

"உள்ள வச்சு ஒரு நாளும் தொட்டதில்லைங்க. லயத்து வீட்டுக்குப் போய்தான் தடவுவேன். மூஞ்சி கழுவிட்டுத்தான் வேலைக்கு வருவேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் துரை. டப்பாவைத் திறந்து ஒரு கையிலும் தூளை மறு கையிலும் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீங்க சொல்லுங்க டீமேக்கர். உங்க மூக்குதான் இப்ப நல்லா இருக்கே. ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்று இல்லை. தைலத்தில் கற்பூரமும் யூகலிப்டஸும். தூளில் அது இரண்டும் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்வதி பயமில்லாமல் பார்த்தாள். நான் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று நம்பினாள்.

"ரெண்டு நாளா சளிங்க. வாசம் ஒண்ணும் தெரியல."

துரை முகத்தைச் சுளித்தார். "மறுபடியுமா?" அவ்வளவுதான். பிறகு அவரே தீர்ப்பு எழுதினார். பார்வதி நாளை முதல் மலைக்கு.

முழுப் பொய்கூட இல்லை அது. பொய் சொல்லவும் கொஞ்சம் தைரியம் வேண்டும். தைலம்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சீ.

ஊதுகுழலை கானில் எறிந்தேன். கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போய் எடுத்து, கழுவி, துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

காலையில் மலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பார்வதி கூடையோடு நின்றாள். நான் வேறு பாதையில் பெக்டரிக்குப் போனேன். மூச்சு வாங்கவில்லை. இருமல் இல்லை. நாடி கூட நிதானம். உடம்புக்கு வெட்கம் கிடையாது.

சாயந்தரம் வீட்டு வாசலில் அவளே. இடுப்பில் கை. ஏறி வந்திருக்கிறாள், அத்தனை படியும். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சளின்னு சொன்னீங்களேய்யா. மூக்கு தெரியலன்னா உங்க வேலைக்கும் கரச்சல் வரும்." தைல டப்பாவை என் கையில் வைத்து அழுத்தினாள். "ராத்திரி நெஞ்சுல தடவுங்க. உங்களுக்கு வாசம் திரும்பி வந்தா தொரகிட்ட சொல்லுவீங்கதானே? அது என் தைலம் இல்லன்னு."

"சொல்றேன்" என்றேன்.

அவள் ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் இறங்கினாள். கொய்யா மரத்தடியில் நின்றாள்.

டப்பா மேசை மேல் இருக்கிறது. மூடியிருக்கிறது. இங்கிருந்தே வாசம் தெரிகிறது.

சரோஜா குசினியிலிருந்து வந்து மோந்து பார்த்தாள்.

"என்னங்க தைலம்? யாருக்குச் சளி?"

"எனக்கு."

"உங்களுக்கா? நீங்க நல்லாத்தானே இருக்கீங்க."