படத்தில் இடது பக்கம் நிற்பவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடியாகவே இருக்கிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது, இப்போது பேப்பரில் ஒரு வரி விடாமல் படித்து என்னிடம் ஒப்பிக்கிறார், முன்பே தேவலாம் போலிருக்கிறது. உன் தம்பி வீடு மாறிவிட்டான். போனில் பேசாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், போனில் சொல்ல வாய் வரவில்லை கண்ணு.

அணை கட்டி ஐம்பது வருஷம் ஆனதற்குப் பழைய படங்களை வெளியிட்டிருக்கிறார்கள் என்று ஒன்று அனுப்பினாயே, தலையில் சும்மாடும் கலவைச் சட்டியுமாக இரண்டு சித்தாள்கள். இடது பக்கம் நிற்பது நீதானேம்மா என்று கேட்டாய். நான் ஆபீஸில் அல்லவா இருந்தேன், வெயிலில் எதற்கு நிற்கப் போகிறேன் என்று சிரித்தேன். அது நான்தான். ஆபீஸுக்குப் போவதற்கு முன் இரண்டு வருஷம் சித்தாளாக இருந்தேன். கலவை சுமந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தேன் என்று நீ நினைக்கலாம். பக்கத்தில் நிற்கிறாளே, அவளை நினைத்துத்தான் நான் இல்லை என்றேன்.

அவள் உயரம், கழுத்தும் நீளம், அதனால் எல்லோருக்கும் அவள் கொக்கு. கோபித்துக்கொள்ள மாட்டாள், “கொக்குக்கு மீனாவது கிடைக்கும், உனக்கு என்னடி கிடைக்கும்” என்பாள். நான் நோஞ்சான் என்று என் சட்டியிலிருந்து பாதிக் கலவையைத் தன் சட்டியில் அள்ளிப் போட்டுக்கொள்வாள். தகரக் கொட்டகையில் அவள் பாயும் என் பாயும் பக்கத்துப் பக்கம். படம் எடுத்தவர் சிரிக்கக் கூடாது என்று சொன்னதற்காகவே அவள் சிரித்தாள், உற்றுப் பார், பல் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட இருக்காது. சாரத்தில் ஒரு பலகை விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது, நானும் பார்த்தேன். அவள் மேஸ்திரியிடம் சொன்னாள். “ஏறுறதுன்னா ஏறு, இல்லைன்னா மூட்டையைக் கட்டு” என்றார். பதினோரு மணி வாக்கில் பலகை முறிந்து கம்பிக் குவியல் மேல் விழுந்தாள், வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. லாரியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது நான்தான், வழியெல்லாம் என் கையை அவள் விடவில்லை. விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முதல் நாள் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ எட்டாவது படிச்சவ, ஆபீஸ்ல ஃபைல் அடுக்க ஆள் கேக்குறாங்க, நாளைக்கு யோசிச்சுப் பேசு” என்றார். அவ்வளவுதான். மிரட்டியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும். பலகை நன்றாகத்தான் இருந்தது, அவள்தான் பேச்சும் சிரிப்புமாகப் போய்க் கால் தவறினாள் என்று அதிகாரியிடம் சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். கவனக்குறைவு என்று எழுதி அவளுக்கு எந்த உதவியும் இல்லாமல் செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் உன் அப்பா இருந்தார். நீ பிறந்ததே அந்தப் பொய்யின் வழியாகத்தான் என்று நினைக்கும்போது உடம்பு கூசுகிறது.

நீ படம் அனுப்பிய பிறகு அப்பாவிடம் சொன்னேன். “இப்ப எங்க இருக்காங்க?” என்று மட்டும் கேட்டார். அந்த லாரி டிரைவர் அவள் ஊர்க்காரர், அவரை அப்பாவே தேடிப் பிடித்து முகவரி வாங்கினார், போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனோம். வாசலில் தையல் மிஷின் போட்டு ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே, “ஏண்டி, இவ்ளோ குண்டாயிட்டே” என்றாள். நான் உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தையலை விளிம்பு வரை ஓட்டி முடித்து நூலை அறுத்துவிட்டு, “தெரியும்டி, நீ சொன்னதை ஆஸ்பத்திரியில படிச்சுக் காட்டித்தான் கைநாட்டு வாங்கினாங்க. பயந்து பொய் சொன்னே, அதை நான் எப்பவோ விட்டுட்டேன். நாப்பது நாள் அங்க கிடந்தேன், தினமும் நீ வருவேன்னு கதவையே பார்த்துட்டு இருந்தேன், ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்ல?” என்றாள். ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான் கண்ணு.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, “வர்றதுன்னா சொல்லிட்டு வா, திடீர்னு வந்து நிக்காதே” என்றாள். வரச் சொன்னாளா வேண்டாம் என்றாளா தெரியவில்லை, வரச் சொன்னதாகத்தான் அர்த்தம் என்கிறார் அப்பா. பலகை முறிந்துதான் விழுந்தாள் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன், அந்தப் படங்களை வெளியிட்டவர்களுக்கு மறக்காமல் அனுப்பிவிடு, அம்மா பெயர் கெட்டுப் போகுமே என்று தாமதிக்காதே. குழந்தைக்கு இருமல் நின்றதா என்று எழுது, ஈரத் தலையோடு வெளியே விடாதே. ஆசீர்வாதம் சொல்லவே இன்று கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பெற்றவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது, மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குப் பயந்தபடி காத்திருக்கும்
அம்மா