ராத்திரி விமானத்துக்கு நான் வராத காரணம்

ஸ்ரீரங்கம்,
புதன்கிழமை காலை

அன்பு மகள் அனுசுயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் நினைப்பெல்லாம். கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, ஸ்கேலை வரிவரியாக நகர்த்தி எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் கடிதம்.

தினமும் காலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே காபியோடு நின்று மேலே பார்ப்பேன். எனக்கு இப்போது ஒரு நேரத்தில் கோபுரத்தின் ஒரு நிலைதான் தெரிகிறது, வளையல் அளவு வட்டம், சுற்றிலும் ஒன்றும் இல்லை. தலையை மெல்ல மெல்ல உயர்த்திப் பதின்மூன்று நிலையையும் பார்த்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். புறாக்கள் எங்கிருந்தோ அந்த வட்டத்துக்குள் வருகின்றன, எங்கேயோ போய்விடுகின்றன. நம்பமாட்டாய், அது அழகாகத்தான் இருக்கிறது, கனவுக்குள் நின்று பார்க்கிற மாதிரி.

இருபது வயதிலிருந்தே இருட்டினால் எனக்குப் பார்வை கிடையாது மகளே. என் தாய்மாமாவுக்கும் அப்படித்தான். லால்குடியில் எல்லாரும் மாலைக்கண் என்றார்கள், முருங்கைக்கீரையும் ஈரலும் தின்றே பாதி ஆயுள் போனது. திருவெறும்பூர் லேத் வேலையிலும் பகல் ஷிப்டாகவே கெஞ்சி வாங்கினேன். ஆறு மணிக்கு வீடு அடையும் கோழி என்று நீ கேலி செய்வாயே, அதற்கும் இதுதான் காரணம். உனக்கு வரன் பார்த்தபோது பத்துப் பொருத்தமும் பார்த்தோம், இதை மட்டும் அமுக்கிவிட்டேன், கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். ரிசப்ஷனில் தலைவலி என்று அறைக்குள் போய்ப் படுத்தேனே, மேடைப் படி தெரியாமல் சம்பந்தி முன்னால் விழுந்துவிடக்கூடாது என்றுதான். அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். நீ ராத்திரி விமானத்தில் வரும்போதெல்லாம் ஏர்போர்ட்டுக்கு வராததும் அதனால்தான்.

போன மாதம் படியில் விழுந்தேன், அம்மா கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள், ரத்தம் எடுத்து மரபணுவைச் சோதித்தார்கள். விழித்திரை மெல்லத் தேய்கிற பரம்பரை நோயாம். என் தொழில் பாஷையில் சொன்னால், லேத் மேல் குற்றமில்லை, டிராயிங்கிலேயே ஓர் அளவு தப்பு. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். எனக்கு இருப்பது ஒரே எக்ஸ், அது அப்படியே உனக்கு வந்திருக்கிறது. அம்மா கொடுத்த நல்லது ஒன்று துணைக்கு இருப்பதால் உனக்குப் பெரிய தொந்தரவு வராமல் போகலாம், ஆனாலும் கண்ணைக் காட்டிக்கொள். பிள்ளை பையன் என்று அங்கே சொல்லிவிட்டார்களே, உன் இரண்டு எக்ஸில் எது அவனுக்குப் போயிருக்கும் என்பது பாதிக்குப் பாதியாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நோய் என் கையில் இல்லை, மறைத்தது நான்தான், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் காட்டு, இரண்டு பேருமாக மரபணு டாக்டரைப் பாருங்கள். நான் செய்ததுபோல் நீ எதையும் மறைக்காதே.

பிள்ளை எந்தக் கண்ணோடு வந்தாலும் என் பேரன்தான், அரங்கன் உங்கள் மூவரையும் காக்கட்டும். இரும்பு மாத்திரையை விடாதே. அடுத்த தடவையும் ராத்திரி விமானத்துக்கே டிக்கெட் போடு. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏர்போர்ட் வாசலில் நிற்பேன். நீ வருவது என் கண்ணுக்குத் தெரியாது, அப்பா என்று சத்தமாக ஒரு தடவை கூப்பிடு.

உன் அப்பா,
மருதை