அவுட்பாக்ஸில் ஆறிய கடிதம்

5 ஜனவரி 2026, திங்கள்

வெளியே ஒரே பனிமூட்டம். கம்ப்யூட்டர் மூன்று நாளாக எழுந்திருக்கவே இல்லை. ரிப்பேர்காரர் குப்தா வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். சி டிரைவில் முக்கியமானது ஏதாவது உண்டா என்று கேட்டார். "குச் நஹீ", ஒன்றுமே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். என் பைல்கள் எல்லாம் டி டிரைவில், வருஷவாரியாக. முப்பத்தாறு வருஷம் மினிஸ்ட்ரியில் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

6 ஜனவரி

மெயில் புரோகிராமைத் திறந்தால் காலி. வத்சலாவின் மெயில் ஒன்றுகூட இல்லை. அது மட்டும் சி டிரைவில் இருந்திருக்கிறது.

2011-இல் அவள் அம்மாவைக் கவனிக்க மாம்பலத்தில் எட்டு மாதம் இருந்தபோது தினம் ஒன்று எழுதுவாள். "ஏன்னா, கீஸரை அணைச்சேளா?" - பாதி மெயிலில் இதுதான். அவள் கண்மூடி ஏழு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் அவள் பேசுவது அங்கே மட்டும்தான்.

சர்வரிலும் கிடையாது. ஆபீசில் பெட்டி நிரம்பினால் புது மெயில் வராது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் இறக்கினவுடன் சர்வரில் அழிந்துவிடும்படி வைத்திருந்தேன். முட்டாள். கடைந்தெடுத்த முட்டாள்.

7 ஜனவரி

நாலாவது தடவை குப்தா போனை எடுத்தார். டிஸ்கை அழிக்கவில்லையாம். பழையதெல்லாம் ஒரு ஃபோல்டரில் கிடக்குமாம், ஆனால் பத்து நாளில் விண்டோஸே அதைப் பெருக்கித் தள்ளிவிடுமாம். "ஜல்தி தேடுங்க அங்கிள்ஜி." அவர் ஊரில் கல்யாணம், வர மாட்டார்.

அபூர்வாவைக் கேட்டால் இரண்டு நிமிஷ வேலை. புனேயில் என் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. பேசியே ஏழு வருஷம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

10 ஜனவரி

இன்றும் கிடைக்கவில்லை. யாரோடும் பேசவும் இல்லை.

12 ஜனவரி, காலை

கிடைத்துவிட்டது! கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்திருந்த ஃபோல்டர். காபி செய்து திறந்தேன். 243 மெயில். "ரசப்பொடி மேல் தட்டுல. கிட்டவே வச்சுண்டு வீடு பூராத் தேடுவேள்." எழுபது வயசில் விக்கி விக்கி அழுதேன்.

திரையின் மூலையில் ஏதோ வந்தது: ஒரு மெயில் அனுப்பப்பட்டது.

யாருக்கு? நான் எதுவும் எழுதவில்லையே!

அன்றே, மதியம்

ஐயோ.

எந்தக் கடிதத்தையும் எழுதின அன்றே விடமாட்டேன். அவுட்பாக்ஸில் ஒரு நாள் ஆறப்போட்டு, மறுபடி படித்துத்தான் அனுப்புவேன் - ஆபீஸ் செக்‌ஷன் பழக்கம். தானாக அனுப்பாதே என்று புரோகிராமில் வைத்திருந்தேன். புதிதாகப் போட்டதில் அந்த ஏற்பாடு போய்விட்டது; பழைய மெயிலோடு திரும்பி வந்த அவுட்பாக்ஸ் தானாகவே கிளம்பிவிட்டது.

போனது 11-11-2018 தேதியிட்டது, அபூர்வாவுக்கு.

வத்சலாவின் பதிமூன்றாம் நாள் எல்லார் முன்னாலும் அபூர்வாவிடம், "நீ முன்னாடியே வந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பா" என்றேன். அன்றே கிளம்பிப் போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து எழுதினேன்: "அது பொய், அபூ. ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போகாம தாமதிச்சது நான். பழியை உன் தலையில் போட்டேன்." மறுநாள் படித்தபோது வீம்பு வந்துவிட்டது. அவளே முதலில் கூப்பிடட்டுமே! அப்படியே கிடந்தது.

திருப்பி எடுக்க வழி இருக்கிறதா? தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

13 ஜனவரி

பதில் இல்லை.

15 ஜனவரி, பொங்கல்

குக்கரில் ஒரு பிடி அரிசி. எதிர்வீட்டு ராஜகோபாலன் மலை மந்திர் கோவிலுக்குப் போகலாம் என்று கூப்பிட்டார். முழங்கால் வலி என்றேன். பொய். மெயிலை விட்டு நகர மனசில்லை.

16 ஜனவரி

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், இரண்டே வரி: "அப்பா, இதுல 2018-னு தேதி இருக்கு. இப்பவும் அப்படித்தான் நினைக்கறேளா?"

"ஆமாம், அபூ. எழுதிட்டு அனுப்பாம வச்சிருந்தேனே, அதுவும் என் தப்புதான். அம்மா எழுதினதெல்லாம் கிடைச்சுடுத்து. உனக்கு அனுப்பட்டுமா?"

ஆறப்போடவில்லை. கையோடு அனுப்பிவிட்டேன்.

18 ஜனவரி, ஞாயிறு

காலையில் போன் வந்தது. பத்து நிமிஷம் இருக்கும். வைக்கப் போகும்போது, "அப்பா, கீஸரை அணைச்சேளா?" என்றாள்.

அணைக்கவில்லை. போய் அணைத்துவிட்டு வந்தேன். போனை வைக்காமல் காத்திருந்தாள்.