மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள்

செப்ரெம்பர் 14, ஞாயிறு

தகடு வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. வாகன ராடாருக்கு முன்னால் இதைப் பூட்ட வேண்டும். இதிலுள்ள செப்புச் சதுரங்கள் ஒவ்வொன்றும் தன்னூடாகப் போகும் அலையை வெவ்வேறு அளவில் பிந்தவைக்கும். பரவிப் போகிற அலை கூராகி ஒரே திசையில் போகும் – என் கணக்குச் சரியென்றால். வரைந்தவள் நான். பிழை வந்தால் திட்ட வேறு ஆளில்லை.

எங்கள் வானை ஓட்டுகிற ரஜிதன் அண்ணா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவோ மாட்டைக் காணும்?"

பூநகரி றோட்டில் படுத்திருந்த மாட்டோடு வானை மோதி, காலில் கம்பி வைத்த மனுசன். அதன்பிறகு பொழுதுபட்டால் வான் எடுப்பதில்லை.

"மாட்டையும் காணும், பக்கத்தில நிக்கிற சைக்கிளையும் காணும்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான்.

செப்ரெம்பர் 26, வெள்ளி

என் ஆராய்ச்சியைப் பார்க்கிற கதிர்காமநாதன் சேர் முடிவாகச் சொல்லிவிட்டார். "மூண்டாம் திகதி மாட்டையும் சைக்கிளையும் பிரிச்சுக் காட்டுங்கோ மேனுகா. இல்லாட்டி ஆராய்ச்சித் தலைப்பை மாத்துவம்."

இரண்டு வருட வேலை. மாற்றமாட்டேன்.

ஒக்ரோபர் 2, வியாழன்

விஜயதசமி. புத்தகங்களோடு பூசையில் வைத்த தகட்டை எடுத்து வானில் பூட்டினோம். சின்னராசா மாமாவின் மாடு, அதன் பக்கத்தில் என் சைக்கிள். திரையில் இரண்டும் தனித்தனியாக! துள்ளினேன்.

ஒக்ரோபர் 3, வெள்ளி

விடிய அம்மா வானுக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து அனுப்பினா.

வளாகத்தில் சேருக்கு முன்னால் ஒன்றும் சரிவரவில்லை. திரையில் மாடு மட்டும். சைக்கிள் இல்லவே இல்லை. சேர் ஏசவில்லை. "திங்கள் கதைப்பம்" என்றார். ஏசியிருக்கலாம்.

நேற்றுத் தெரிந்தது இன்று ஏன் தெரியவில்லை? ஏன்?

ஒக்ரோபர் 4, சனி

வீட்டில் திரும்பப் பார்த்தேன். சைக்கிள் தெரிகிறது! என்னைப் பேய்க்காட்டுகிறதா?

குந்தியிருந்து உற்றுப் பார்த்தேன். தகட்டுக்கு மேல் நான் போட்டிருந்த மூடியில், நட்டநடுவில், காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு. விரலை நனைத்துத் தடவினேன். சைக்கிள் மறைந்தது. துடைத்தேன், வந்தது. திரும்ப நனைத்தேன், போனது. ஈரம் அலையைக் குடிக்கிறது. அலை கூடுதலாகப் போவதும் நடுவாலேதான்.

"அம்மா!"

"வானுக்கு வைச்சிட்டு அதுக்கு வைக்காமல் விடுறதே பிள்ளை? கண்ணூறு பட்டிடும்."

சண்டை பிடிக்கத்தான் போனேன். முடியவில்லை. பொட்டு இல்லாவிட்டால் மழை, மழை இல்லாவிட்டால் சேறு. எங்கள் றோட்டில் வேறென்ன தெறிக்கும்? பிழை என்னுடைய மூடியில்.

ஒக்ரோபர் 6, திங்கள்

"தலைப்பை மாத்தேலாது சேர். ஈரத்துக்கு நிண்டுபிடிக்கிற மூடி செய்து காட்டுறன்."

"மாரி தொடங்கப் போகுது, பிள்ளை."

"அதுதான் சேர் வேணும்."

ஒக்ரோபர் 29, புதன்

மூன்றாவது மூடியும் சரியில்லை. நாளைக்கு நாலாவது.

நவம்பர் 18, செவ்வாய்

கொட்டுகிற மழை. மூடியைச் சரிவாக வைத்து, தண்ணீர் ஒட்டாத பூச்சும் பூசியிருந்தேன். துளிகள் நிற்காமல் வழிந்தன. குடையோடு குனிந்து திரையைப் பார்த்த சேர், மாட்டைத் தொட்டார், பிறகு சைக்கிளைத் தொட்டார்.

"எழுதத் தொடங்குங்கோ" என்றார். மழையில் நின்றதால் நான் அழுதது தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா இப்போது நம்பர் தகட்டில்தான் பொட்டு வைக்கிறா.

பூநகரியிலிருந்து பெரியம்மாவை உடனே கூட்டிவரவேண்டும் என்று போன் வந்தது. பொழுது பட்டுவிட்டது. "விடியப் போவமே அண்ணா?" என்றேன்.

அண்ணா துணியெடுத்து மூடியைத் துடைத்தார். ஏறியிருந்து லைட்டைப் போட்டார்.

"ஏறு. நீ திரையைப் பார்."